புழு ஷெட்டுக்குள் போன வாசனைக் குண்டான்

“படிச்ச புள்ள பேச்சப் புழு கேக்குமாடி?” என்று அத்தை கேட்டாள்.

கேட்ட இடம் எங்கள் மல்பெரித் தோட்டம். அப்பா சபரிமலைக்கு இருமுடி கட்டப் போகிறார், அவர் திரும்பும்வரை பட்டுப்புழுக்களை நான்தான் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அறிவித்திருந்தேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. அத்தை அப்பாவுக்கு அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, அவளுக்கும் ஒரு புழு ஷெட் உண்டு. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அதில் அவளுக்கு ஒரு கருத்தும் உண்டு.

நான் சிரித்தேன். பாவம், விஷயம் தெரியாதவர்களைப் பார்த்து விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. இப்போது நினைத்தால் பல் கூசுகிறது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். அப்பாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. அதன் மதிலுக்கு வெள்ளையடித்திருக்கிறார். அம்மா இன்றைக்கும் பஸ்ஸின் போர்டைப் பார்க்க மாட்டாள், டிரைவரின் முகத்தைப் பார்த்துத்தான் ஏறுவாள். (ஒருமுறைகூடத் தப்பான பஸ்ஸில் ஏறியதில்லை. போர்டைப் படித்துவிட்டு ஏறும் நான் பென்னாகரம் போக வேண்டிய நாளில் அரூர் வரைக்கும் போயிருக்கிறேன்.) இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருத்தி பி.எஸ்ஸி. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கினால் அவள் கால் தரையில் நிற்குமா? என் கால் நிற்கவில்லை.

எம்.எஸ்ஸி. படிக்கக் கோயம்புத்தூர் போக வேண்டும் என்றேன். “ஒரு வருசம் போவட்டும்” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் ‘ஒரு வருசம் போவட்டும்’ என்றால் ‘மாப்பிள்ளை பார்க்கிறோம்’ என்று அர்த்தம். என் தோழி ஷர்மிளா கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்து, கல்லூரி விடுதியின் மொட்டை மாடியிலிருந்து விதவிதமாகப் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் மல்பெரி வெட்டிக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் அப்பா மாலை போட்டதும், யார் புழுவைப் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. நான் முன்வந்தேன். அப்பா சொன்னார்:

“சரி. இந்த பேட்ச் நல்லபடியா கூடு கட்டட்டும். அப்புறம் நீ எங்க போயி என்ன படிச்சாலும் நான் ஒரு வார்த்தை பேசல.”

அம்மா சாட்சி. அத்தை, யாரும் கூப்பிடாமலே, சாட்சி. ஆக, என் கோயம்புத்தூர் முழுவதும் பச்சை இலை தின்னும் புழுக்களின் வயிற்றில் இருந்தது.

பட்டுப்புழு வளர்க்கும் வீட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே வீட்டுக்காரர்கள் புழுக்கள்தான். நாங்கள் ஓரமாக ஒண்டியிருப்பவர்கள். எங்கள் வீட்டுச் சுவருக்குப் பூச்சு கிடையாது, புழு ஷெட்டுக்கு உண்டு. எங்கள் ஜன்னலுக்குக் கொசுவலை கிடையாது, புழுக்களுக்கு உண்டு. அவர்களுக்கு (மரியாதை பழகிவிட்டது) எந்த வாசனையும் ஆகாது. ஆகவே ஊதுபத்தி கூடாது, கொசுவர்த்தி கூடாது, செண்ட் கூடாது, மணக்கிற பவுடர் கூடாது. தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு ஷெட் பக்கம் போனால் அத்தை பூவோடு சேர்த்து முடியையும் பிடுங்குவாள். அப்பா மாலை போட்டிருந்த நாட்களில்கூட வீட்டில் சாம்பிராணி காட்டவில்லை. தினமும் ஏரிக்கரைக் கோவிலுக்குப் போய்ப் பூஜை செய்தார். ஐயப்பனே வந்திருந்தாலும் எங்கள் வாசலில் சந்தனத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும்.

இப்படி வளர்ந்த பெண்ணுக்கு நல்ல வாசனை என்றால் எவ்வளவு ஏக்கம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை ஷர்மிளாவின் சேலத்து வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் ஒருவிதமான எலுமிச்சை மணம், குளியலறையில் வேறு மணம், மாடிப்படியில் இன்னொரு மணம். “உங்க வீட்ல என்ன ஃப்ரெஷ்னர் யூஸ் பண்ணுவீங்க கௌசி?” என்று அவள் கேட்டாள். “எங்க வீட்ல எல்லாமே நேச்சுரல்” என்றேன். பொய் இல்லை. மாட்டுச்சாணம், புழுக்கழிவு, வாடிய மல்பெரித் தழை, மூன்றுமே இயற்கைதான்.

அந்த ஷர்மிளாதான் டிசம்பர் விடுமுறைக்கு ஒகேனக்கல் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றாள். கூடவே நிவேதாவையும் அழைத்து வருகிறாளாம். நிவேதா எங்கள் வகுப்பில் கரப்பான்பூச்சிப் படத்தைப் பார்த்தாலே புத்தகத்தை மூடிவிடுகிறவள்.

இரண்டு நாள் யோசித்தேன். வீட்டுக்குப் பூச்சு வைக்க நேரமில்லை. வாசனையையாவது மாற்றலாம். அப்போதுதான் செல்போனில் அந்த வீடியோ கண்ணில் பட்டது. வெளியே பனி கொட்டும் ஏதோ ஒரு நாடு. ஒரு பெண் அழகான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, பைன் கிளை, ரோஸ்மேரி, சிவப்பாக ஏதோ ஒரு பழம் எல்லாம் போட்டுச் சிறுதீயில் வைக்கிறாள். ஆவி எழுகிறது. வீடு முழுவதும் குளிர்காலப் பண்டிகை மணம். ‘ரசாயனம் கிடையாது, புகை கிடையாது, முழுக்க முழுக்க இயற்கை’ என்று எழுத்து ஓடுகிறது. அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்துப் புன்னகைக்கிறாள். எனக்கும் கண் மூடியது.

புகை இல்லை. ரசாயனம் இல்லை. இதற்குமேல் என்ன வேண்டும்?

பொருள் சேகரிக்கக் கிளம்பினேன். ஆரஞ்சு, பட்டை, கிராம்பு எல்லாம் பாப்பாரப்பட்டி சந்தையில் கிடைத்தன. பைன் மரத்துக்கு எங்கே போவது? ஏரிக்கரையில் தைல மரம் இருந்தது. அதுவும் உயரம், இதுவும் உயரம் என்று ஒரு கொத்து ஒடித்தேன். ரோஸ்மேரிக்குப் பதிலாக வேலியில் நின்ற நொச்சி. சிவப்புப் பழத்துக்குக் காட்டு இலந்தை. கடைசியில் என் சொந்தக் கற்பனையாகக் கொஞ்சம் எலுமிச்சம்புல். வெளிநாட்டுச் செய்முறையை உள்ளூர்ப் பொருட்களால் செய்துவிட்டேன் என்ற பெருமிதம் இருக்கிறதே, அது என் முதல் வகுப்பைவிடப் பெரியதாக இருந்தது.

தைல இலை, நொச்சி, கிராம்பு, எலுமிச்சம்புல். மறுபடியும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இவை நான்குக்கும் பொதுவான குணம் என்ன? பூச்சிகளை விரட்டுவது. கிராம்பில் இருக்கும் யூஜினாலைப் பற்றி மூன்றாம் ஆண்டுத் தேர்வில் ஒரு பக்கம் எழுதியவள் நான். படம் வரைந்து பாகங்களைக் குறித்திருந்தேன். அந்த ஒரு பக்க அறிவு, அன்று காலை, என் மூளையின் எந்த மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தோழிகள் வருகிற நாள் விடிந்தது. நல்ல மார்கழிப் பனி. புழுக்கள் கடைசி முறை தோலுரித்து, விரல் பருமனுக்கு வளர்ந்திருந்தன. இன்னும் ஓரிரு நாளில் கூடு கட்ட ஆரம்பிக்கும். இந்தச் சமயத்தில்தான் அவை வெறிபிடித்த மாதிரி தின்னும். இந்தச் சமயத்தில்தான் எதையாவது செய்து கெடுத்துக்கொள்ளவும் கூடாது.

சமையலறையில் என் வேலை தொடங்கியது. வீடியோவில் இருந்ததுபோல அகலமான, அடி கனத்த பாத்திரம் தேடினேன். வீட்டில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஒரு பழைய அலுமினியக் குண்டான். அதை எடுத்தேன். தண்ணீர் ஊற்றினேன். எல்லாவற்றையும் போட்டு மூடி வைத்துத் தீயைக் குறைத்தேன்.

மணம் கிளம்பியது. வேலியைத் தாண்டி அத்தையிடம் போனது. அத்தை வேலியைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

“என்னாடி இது! மாலை போட்ட வூட்டுல பிரியாணி வாசம் வருது?”

“பிரியாணி இல்லத்தை. இது வீட்டுக்கு வாசனை.”

மூடியைத் திறந்து பார்த்தாள். “அரிசி எங்க?”

“அரிசி கிடையாது. இது திங்கறதுக்கு இல்ல, மோந்து பாக்கறதுக்கு.”

“மோந்து பாத்துட்டு?”

“அவ்ளோதான்.”

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். “கேசு எரிச்சி, பட்ட லவங்கம் போட்டு, மோந்து பாத்துட்டுக் கீழ கொட்டுவ. இதுக்குத்தான் பதினஞ்சு வருசம் படிச்சியா? சரி, என்னமோ பண்ணு. ஷெட்டுப் பக்கம் மட்டும் கொண்டுபோயிடாத.”

“எனக்குத் தெரியாதாத்தை?” என்றேன். அது மட்டுமா? அவள் கண் முன்னாலேயே ஷெட்டைப் பார்த்த சமையலறை ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியையும் திணித்தேன். முன்னெச்சரிக்கை என்றால் இதுதான் என்று ஒரு பார்வை வேறு பார்த்தேன். பிறகு, குண்டான் சிறுதீயில் கொதித்துக்கொண்டிருக்க, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோழிகளை அழைத்துவரப் பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

இங்கே நான் மறந்துபோன ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

குளிர்காலத்தில் புழு ஷெட்டைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். காற்றில் ஈரமும் வேண்டும். அதற்காக ஷெட்டின் மூலையில் ஒரு கரண்ட் அடுப்பு உண்டு. தினமும் விடியற்காலையில் சமையலறையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதைக் கொண்டுபோய் அந்தக் கரண்ட் அடுப்பில் வைத்து, ஷெட்டின் கதவைச் சாத்திவிடுவோம். ஆவி மெதுவாகப் பரவும். அந்தத் தண்ணீருக்கென்றே எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் இருக்கிறது. அகலமானது. அடி கனத்தது. பழைய அலுமினியக் குண்டான்.

ஷர்மிளா வந்த பஸ் தாமதம். நான் டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஷர்மிளா எப்படிக் கண்ணை மூடி மூச்சை இழுப்பாள் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ‘ஓ, இதுவா, சும்மா, நேச்சுரல்’ என்று சொல்லும்போது தோளை எந்த அளவுக்குக் குலுக்க வேண்டும் என்பதுவரை முடிவுசெய்தேன்.

ஒருவழியாகப் பஸ் வந்தது. இரண்டு பேரையும் ஒரே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு (போலீஸ்காரர்கள் மன்னிக்கவும்) வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தேன். ஷர்மிளா மூச்சை இழுத்தாள்.

“நைஸ்” என்றாள். அவள் நல்ல பெண். வீட்டில் சாணமும் மல்பெரியும் மட்டும்தான் மணந்தன.

சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை. அம்மா மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வாரமாக ஜலதோஷம். வெங்காய நெடிகூட அவள் மூக்கில் ஏறவில்லை.

“அம்மா, குண்டான் எங்க?”

“ஷெட்டுல.”

“எந்த ஷெட்டுல?”

“நம்மளுக்கு எத்தினி ஷெட்டு இருக்குது? நீதான் தண்ணி கொதிக்க வெச்சிட்டுப் போயிட்ட. ஆறிப்போவுமேன்னு நாந்தான் தூக்கிட்டுப் போயி வெச்சிட்டு வந்தேன்.”

“அதுல இலை, பட்டையெல்லாம் இருந்திச்சே! பாக்கலியா நீ?”

“பாத்தேன். புழுவுக்கு என்னமோ மருந்து காய்ச்சறன்னு நெனச்சேன்.”

“கேக்கறதில்லையா?”

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “கேட்டா என்னா சொல்லுவ? ‘நான் படிச்சிருக்கேன், சும்மா இரும்மா’ம்ப. ஷெட்டுல சுண்ணாம்ப ஏன் ஜாஸ்தி போடறன்னு கேட்டதுக்கு அப்பிடித்தான் சொன்ன. சாக்கு ஏன் நனைக்கறன்னு கேட்டதுக்கும் அதான் சொன்ன. ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு வுட்டுட்டேன்.”

அப்பா போன நாளிலிருந்து அந்த வீட்டில் யார் எதைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் கொடுத்திருந்தேன். பெற்ற தாய் நம்பியே விட்டாள்.

ஷெட்டின் கதவைத் திறந்தேன்.

என்ன மணம்! அந்த வீடியோக்காரி பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள். ஆரஞ்சும் கிராம்பும் தைலமும் நொச்சியும் சேர்ந்து, வெதுவெதுப்பான ஆவியாக, மூலை முடுக்கெல்லாம் நிறைந்திருந்தது. உலகத்தில் வேறெந்தப் புழுவுக்கும் அப்படி ஒரு பண்டிகை வாய்த்திருக்காது.

ஆனால் சத்தம் இல்லை. கடைசிப் பருவத்துப் புழுக்கள் இலை தின்னும்போது ஷெட் முழுவதும் கூரைமேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அது நின்றுபோயிருந்தது. பாதிப் புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டு, தலையை மட்டும் மேலே தூக்கி, தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றவர்களைப் போல அசையாமல் இருந்தன. மீதிப் புழுக்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தன. தட்டின் விளிம்பிலிருந்து தொங்கின, ஸ்டாண்டின் கால்வழியே இறங்கின, சுவரில் ஏறின. ஒன்று, முருகன் காலண்டரில், வேலின் நுனிவரை போயிருந்தது.

என் கோயம்புத்தூர் சுவரேறிப் போய்க்கொண்டிருந்தது.

“அத்தை!” என்று அலறினேன். அறிவியல் உதவிக்கு வராத நேரத்தில் வாயில் வருகிற சொல் அதுதான்.

அத்தை வந்தாள். வாசலிலேயே நின்று மோந்து பார்த்தாள். குண்டானைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஏண்டி, புழுவுக்கா பிரியாணி போட்ட?”

அதற்குப் பிறகு அவள் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் வாய் ஒரு பக்கம் ஓடினால் கை இன்னொரு பக்கம் ஓடியது. குண்டானைத் தூக்கி வெளியே கொட்டினாள். அம்மா ஜன்னல்களையெல்லாம் திறந்தாள். நான் ஆவிபட்ட இலைகளை அள்ளி அள்ளி வெளியே போட்டேன். சுவரில் ஏறியவற்றைப் பொறுக்கி எடுக்க ஆள் போதவில்லை. அத்தை வாசலில் திகைத்து நின்ற இரண்டு பேரையும் அப்போதுதான் கவனித்தாள்.

“நீங்க யாரும்மா? சும்மா நிக்காம வாங்க, வந்து பொறுக்குங்க.”

ஷர்மிளா ஓர் அடி முன்னால் வைத்தாள். அத்தையின் மூக்கு விடைத்தது.

“நில்லு நில்லு! ரெண்டு பேரும் பூக்கடையாட்டம் மணக்கறீங்க. மொதல்ல போயி தலையோட தண்ணி ஊத்திட்டு வாங்க.”

“ஆன்ட்டி, எனக்குப் புழுன்னா அலர்ஜி” என்றாள் நிவேதா, அழாத குறையாக.

“அதுக்கும் ஒன்னயப் பாத்தா அலர்ஜிதாம்மா. அதான் குளிச்சிட்டு வாங்கறேன்.”

ஒகேனக்கல் அருவியில் குளிக்க வந்த என் தோழிகள், மார்கழிப் பனியில், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் சில்லென்ற தண்ணீரில் குளித்தார்கள். அம்மாவின் நைட்டியை மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஷர்மிளா சுவரிலிருந்து ஒவ்வொரு புழுவாக எடுத்தாள். ஒவ்வொன்றிடமும் “சாரி, சாரி” என்றாள். நிவேதா புழுவைத் தொட மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, தோட்டத்துக்குப் போய் மல்பெரி வெட்டிக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்தாள்.

அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. அப்பா. எருமேலியிலிருந்து.

அப்பா தினமும் பேசுவார். மகள் எப்படி இருக்கிறாள், மனைவியின் ஜலதோஷம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவர் கேட்கிற பழக்கமில்லை. நேராக விஷயத்துக்கு வருவார்.

“சாமி சரணம். புழு எப்பிடி இருக்குது?”

ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அப்பா விரதத்தில் இருக்கிறார். உண்மையும் சொல்லக் கூடாது, நான் கோயம்புத்தூர் போக வேண்டும்.

“நல்லா நடமாட்டமா இருக்குதுங்கப்பா” என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சரண கோஷம் மட்டும் கேட்டது.

“நடமாட்டமா? புழு எதுக்கு நடமாடுது?”

அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். விரதம் தொடங்கியதிலிருந்து தம்பியைச் சாமி என்றுதான் அவள் கூப்பிட வேண்டியிருந்தது. திட்டும்போதும் சாமி சேர்த்தே திட்டிக்கொண்டிருந்தாள்.

“சாமி, மலை ஏறப் போற எடத்துல புழுவப் பத்தி ஒனக்கு என்ன சாமி பேச்சு? அறிவு கெட்ட சாமி! போனை வெச்சிட்டுச் சரணம் போடு சாமி” என்று சொல்லிக் கட் செய்தாள்.

பிறகு என்னைப் பார்த்து, “என்னா பாக்கற? எலையப் போடு” என்றாள்.

புது இலையைப் போட்டோம். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அத்தை, அம்மா, நான், ஷர்மிளா நான்கு பேரும் ஷெட்டின் வாசலில் வரிசையாக உட்கார்ந்தோம். நிவேதா தோட்டத்து வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. சமைக்க யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே சத்தமே இல்லை. நான் மனதுக்குள் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

அப்போது அம்மா கையை உயர்த்தினாள். அவளுக்கு மூக்கு அடைத்திருந்ததே தவிர காது அடைக்கவில்லை.

உள்ளே மிக மெல்லியதாகத் தூறல் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு மூலையில். அப்புறம் பக்கத்துத் தட்டில். அப்புறம் ஷெட் முழுவதும். ஷர்மிளா, “மழையா ஆன்ட்டி?” என்று வானத்தைப் பார்த்தாள். “மழைதாம்மா” என்றாள் அத்தை. நான் எழுந்து மாட்டுத் தொட்டிப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டேன். (அழுதாய் என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறாள். பனி நேரம், ஜலதோஷம் எனக்கும் தொற்றியிருந்தது, அவ்வளவுதான்.)

புழுக்கள் கூடு கட்டின. எல்லாம் கட்டவில்லை. கொஞ்சம் செத்தன, கொஞ்சம் கோபத்தோடு மெலிதாகக் கட்டின. ஆனால் பெரும்பாலானவை கட்டின. எல்லாமே கூடு கட்டுவதற்கென்றே வைக்கிற சந்திரிகைத் தட்டில்தான் கட்டின என்றும் சொல்ல முடியாது. அன்று நாங்கள் எவ்வளவு தேடிப் பொறுக்கியும் கண்ணில் படாதவை சில இருந்தன. அவை தங்களுக்குப் பிடித்த இடத்தில் குடியேறிவிட்டன. ஜன்னல் மூலையில் ஒன்று. மாட்டியிருந்த என் துப்பட்டாவின் மடிப்பில் ஒன்று. முருகன் காலண்டரில், ஏகாதசிக்கும் பிரதோஷத்துக்கும் நடுவில் ஒன்று.

அப்பா திரும்பி வந்தார். குளித்து, மாலையைக் கழற்றி, நேராக ஷெட்டுக்குள் போனார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். காலண்டரின் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் அதிகம் நின்றார். நடந்ததை நானே சொன்னேன். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும், அத்தை சொன்னால் ஒப்பனையோடு சொல்வாள்.

அப்பா மறுபடியும் காலண்டரைப் பார்த்தார். அத்தைதான் பொறுக்க மாட்டாமல், “என்னாடா தம்பி, ஒன்னும் சொல்லாம நிக்கற?” என்றாள்.

“கூடு கட்டிடுச்சில்ல?” என்றார் அப்பா.

“செவுத்துல கட்டியிருக்குதுடா! காலண்டர்ல கட்டியிருக்குது!”

“எங்க கட்டணும்னு நான் சொல்லலியேக்கா.”

என் அப்பா பள்ளிக்கூடத்தின் மதிலுக்கு மட்டுமே வெள்ளையடித்தவர் என்று முதலில் சொன்னேன். உள்ளே போய்ப் படித்திருந்தால் வக்கீலாகியிருப்பார்.

அடுத்து வந்த ஆனியில் நான் கோயம்புத்தூர் போனேன். விடுதியில் ஷர்மிளாவின் மேஜைமேல் ஒரு கண்ணாடிப் புட்டியில் பட்டுக்கூடு ஒன்று இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அவள் சேலம் போய்ச் சேர்ந்த பிறகு கைப்பையைத் திறந்தால், லிப்ஸ்டிக்குக்கும் சீப்புக்கும் நடுவில் அது கட்டியிருந்ததாம். அவள் பை மட்டும் அன்று குளிக்கவில்லை. அவ்வளவு மணத்துக்குள்ளும் போய்க் கட்டியிருக்கிறது என்றால் அந்தப் புழுவின் துணிச்சலை என்னவென்று சொல்வது?

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எங்கே என்ன மணம் வந்தாலும், பக்கத்துத் தெருவில் யாராவது தாளித்தாலும்கூட, “கௌசி லீவுக்கு வந்திருக்குதா?” என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் அத்தை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, “இன்னிக்கு அரிசி போட்டியா, இல்ல மோந்து பாக்கறது மட்டும்தானா?” என்பாள். குண்டானுக்கு அம்மா சிவப்பு பெயிண்டில் ஒரு பட்டை அடித்து வைத்திருக்கிறாள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும், படித்தவர்களுக்கும் புரியும் என்கிறாள்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. அன்று அத்தை குண்டானைக் கொட்டிய இடம் எங்கள் மாட்டுக் கொட்டகையின் ஓரம். அடுத்த சில நாட்களுக்கு அந்தப் பக்கம் ஈயும் கொசுவும் தலைகாட்டவில்லை. மாடு வாலை ஆட்டாமல் நின்றது. அதை முதலில் கவனித்தவள் நான். (இந்த ஒரு பெருமையையாவது எனக்கு விட்டுவிடுங்கள்.) எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கலாம் என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது நான் உடைத்துக்கொள்ளவில்லை. தைல இலை, நொச்சி, கிராம்பு, எலுமிச்சம்புல். நான்கையும் பிரித்துப் பிரித்துச் சோதித்தேன். எது எதனோடு எந்த அளவில் சேர்ந்தால் கொசு ஓடுகிறது என்று பார்த்தேன். இலந்தைப் பழத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதையும் முறைப்படி நிரூபித்துவிட்டேன்.

போன வாரம் விடுமுறைக்கு வந்தபோது அவற்றை உலர்த்திச் சின்னச் சின்னத் துணிப் பொட்டலங்களாகக் கட்டினேன். சாயங்காலத்தில் ஒன்றைத் தண்ணீரில் போட்டுச் சிறுதீயில் வைத்தால் போதும். முதல் பொட்டலத்தை அத்தைதான் கேட்டு வாங்கிப் போனாள், அவளுடைய மாட்டுக் கொட்டகைக்கு. மறுநாள் காலையில் வேலிக்கு வந்து, “இன்னும் ரெண்டு குடுடி. என் மாடு நல்லாத் தூங்கிச்சு” என்றாள். படித்த பெண்ணின் பேச்சைப் புழு கேட்குமா என்று கேட்டவள், மாடு கேட்டதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை.

நேற்று பாப்பாரப்பட்டி சந்தைக் கடைக்காரர் ஒருவரிடம் முதல் பை பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். எப்படிப் பயன்படுத்துவது என்பது கறுப்பு எழுத்தில் சின்னதாக இருக்கும். அதற்குமேல், சிவப்பில், பெரியதாக: ‘புழு ஷெட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். படித்தவர்கள் சொன்னாலும்.’